மலைக்குப் போகாத சங்கிலிப் பெட்டி

இஞ்சருங்கோ,

நீங்கள் இருந்த காலத்தில் உங்கள் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. இப்போதும் வாய் வரவில்லை. இந்த ஒரு சொல்லுக்கு எந்த அறையில் இருந்தாலும் திரும்பிப் பார்ப்பீர்கள். இப்போது எங்கே நின்று திரும்புகிறீர்கள்?

முதலில் ஒரு புதினம் சொல்லவேண்டும். நேற்று நம்முடைய பிக்கப்பைப் பனி மலைக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். சிரிக்காதீர்கள். வியா மக்வேதாத் தெருவில் சைக்கிள் வந்தாலே உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான். உங்களுக்குப் பிறகு இத்தாலிய மொழியில் பரீட்சை எழுதி, இரண்டாம் தடவையில் லைசென்ஸ் எடுத்தேன். இப்போது நீங்கள் செய்த வேலைதான் எனக்கும். பிரான்காச்சோ சலவைக்கூடத்தில் வெளுத்த விரிப்புகளை ஏற்றி மலை ஹோட்டலுக்குக் கொண்டுபோகிறேன், அழுக்கானவற்றை ஏற்றிக்கொண்டு வருகிறேன்.

பனியில் பிக்கப் சறுக்கி உங்கள் உயிர் போன அந்தத் திருப்பத்தை, திருத்தி எடுத்த அதே பிக்கப்பில், கோடையில் எத்தனையோ தடவை கடந்துவிட்டேன். வெயிலில் அது வெறும் திருப்பம். பனி நாட்களில் மட்டும் வேறு ஆளை அனுப்புவார்கள். நேற்று ஆள் இல்லை. தனியாகப் போகப் பயந்து சீலனைக் கூப்பிட்டேன்.

இதை வாசிக்கிறவர்களுக்குச் சீலன் யாரென்று தெரியாது. மன்னார்க்காரர், கத்தோலிக்க வேதக்காரர், உங்களைவிட மூன்று வயது இளையவர். ஆறு வருடம் உங்களுக்குப் பக்கத்துச் சீட்டில் இருந்து மலைக்குப் போய் வந்தவர். பிக்கப்பில் சாமான் ஏற்றுவது அவருடைய பொறுப்பு. அன்றைக்கு நீங்கள் போனீர்கள், அவர் ஒரு நல்ல காலோடு தப்பினார். மற்றக் காலை இன்னும் இழுத்துத்தான் வைக்கிறார்.

ஆஸ்பத்திரியில் உங்கள் அண்ணை அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டார், "சங்கிலிப் பெட்டி ஏத்தினனியோ, இல்லையோ?" பனியில் சறுக்காமல் வண்டிச் சில்லுக்குக் கட்டுகிற சங்கிலியைத்தான் கேட்டார்.

"இல்லை அண்ணை," என்றார் சீலன்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பலேர்மோத் தமிழர் முழுப்பேரும் அவரைத் தள்ளி வைத்தார்கள். அவர் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்து ஊரான பகேரியாவுக்குப் போனார். ஆனாலும் உங்கள் இரண்டு திவசத்துக்கும் வந்தார். படிக்கட்டிலேயே நின்று, எல்லோரும் சாப்பிட்ட பிறகு ஒரு பிடி சாப்பிட்டுப் போனார். நம்முடைய மகள், "மம்மா, அந்தாள் வந்தால் நான் அறையை விட்டு வரமாட்டன், பஸ்தா, அவ்வளவுதான்!" என்று கதவைச் சாத்தினாள். நான் இந்தக் கையால்தான் அவருக்குச் சோறு போட்டேன்.

பெட்டியை இறக்கியது நான்.

பொங்கலுக்கு மறுநாள் பிக்கப்புக்குப் பூசை செய்ய ஐயர் வருவதாக இருந்தது. பின்பக்கத்தைக் கழுவ வேண்டுமென்று எல்லாவற்றையும் இறக்கினேன். சங்கிலிப் பெட்டியில் மலைச் சேறு அப்பியிருந்தது. பூசைச் சாமானுக்குப் பக்கத்தில் அது எதற்கென்று, படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற மகசீனோவில், நம்முடைய தட்டுமுட்டுச் சாமான் அறையில் வைத்தேன். பிறகு நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய், எலுமிச்சம்பழந்தான், வைத்தேன். இந்த ஊர்த் தேசிக்காய் எவ்வளவு பெரிசு! பிக்கப் ஏறி இறங்கிக் குலுங்கியதில் ஐயரே சிரித்துவிட்டார். நல்ல வெயில். ஸ்வெட்டர்கூடப் போடவில்லை. அந்த வெயிலில் நின்றுகொண்டு பனியை யார் நினைத்தது? தேசிக்காயை மறக்காதவள் சங்கிலியை மறந்துபோனேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் மலையிலிருந்து நீங்கள் போன் எடுத்தபோது, நான் வீட்டுவேலை செய்த இத்தாலியச் சிஞ்ஞோரா வீட்டில் உடுப்பு அயன் பண்ணி மினுக்கிக்கொண்டு நின்றேன்.

"இஞ்சை பின்னுக்குச் சங்கிலிப் பெட்டியைக் காணேல்லை. எங்கையேன் எடுத்து வைச்சனீரோ?"

"எனக்கென்ன தெரியும்? சீலனைக் கேளுங்கோ. சிஞ்ஞோரா பாத்துக்கொண்டு நிக்கிறா, போனை வையுங்கோ."

"சரி, சரி. மெல்ல வாறன்."

மூன்று வருடமாக மெல்ல வந்துகொண்டே இருக்கிறீர்கள். படிக்கட்டில் யார் ஏறினாலும் என் கை கதவுக்குப் போகிறது. மேல்வீட்டுக்காரர் சைக்கிளை உருட்டினால் எனக்குச் சங்கிலி இழுபடுகிற சத்தம் கேட்கிறது.

நீங்கள் போன எட்டாம் நாள், எட்டுச் செலவுக்குச் சமைக்கப் பெரிய பானை எடுக்கப் போனபோதுதான் பெட்டியைக் கண்டேன். மூடியில் உங்கள் பெயரின் முதல் எழுத்து, நீங்கள் சிவப்புப் பெயின்டால் எழுதியது. மேலே எல்லோரும் சீலனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கதவைப் பூட்டிவிட்டுப் பானையை மட்டும் தூக்கிக்கொண்டு மேலே போனேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். மகளின் முகத்தைப் பார்த்தேன், வாய் வரவில்லை. கோழைத்தனம் என்பது இதுதான், வேறு பெயர் வேண்டாம்.

நேற்று அந்தப் பெட்டியைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். வாயால் சொல்லத் துணிவில்லை, பெட்டி சொல்லட்டும் என்று நினைத்தேன். ஏறும்போது பயமே இல்லை. லீவரை இழுத்துப் போட்டதும் நாலு சில்லும் சேர்ந்து இழுத்தன. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. உடனே உங்கள் குரல், "ஏறுறதுக்கு நாலு சில்லு போதும். இறங்கேக்கை அதுவும் காணாது, சங்கிலி வேணும்." எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். பிறகு ஏன் அன்றைக்கு இறங்கினீர்கள்?

விரிப்புகளைக் கொடுத்துவிட்டு, இறக்கம் தொடங்குகிற இடத்தில் பிக்கப்பை நிறுத்திப் பெட்டியைக் கீழே வைத்தேன். சீலன் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தார். காலை நீட்டிப் பனியில் உட்கார்ந்து, துருப்பிடித்த சங்கிலியைச் சிக்கெடுக்கத் தொடங்கினார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"சீலன், இது எங்கை இருந்ததெண்டு கேக்கமாட்டியளோ?"

"தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"அண்ணை அண்டைக்கு ஸ்பீக்கரிலைதான் கதைச்சவர். நீங்கள் வைச்ச உடனை சிரிச்சவர். 'மனுசி பூசைக்குக் கழுவேக்கை இறக்கிப்போட்டு மறந்துபோச்சு. நீ ஒண்டும் சொல்லிப்போடாதை, கிடந்து அழும்' எண்டவர்."

"அதுக்காக மூண்டு வருசம் வாயை மூடிக்கொண்டு இருந்தனீங்களோ?"

சீலன் சங்கிலியைச் சில்லில் சுற்றிக் கொளுவினார். "அதுக்குப் பிறகு அவர் வேறை ஒண்டும் சொல்லேல்லை அக்கா," என்றார்.

எனக்கு உங்கள்மேல்தான் கோபம் வந்தது. தெரிந்துகொண்டு இறங்கினீர்களா? ஹோட்டலிலேயே ஓர் இரவு தங்கினால் என்ன? என்னைக் காப்பாற்றியதாக நினைப்பா? நீங்கள் சிரித்துக்கொண்டு சொன்ன ஒரு சொல்லை அந்த மனிதர் மூன்று வருடம் சுமந்துகொண்டு நம்முடைய படிக்கட்டில் நின்றாரே.

பிறகு இறங்கினோம். சீலன் தன்னுடைய பழைய சீட்டில் இருந்தார். முதல் கியர், பிரேக்கில் கால் இல்லை. சங்கிலி பனியைக் கடித்துக் கறகறவென்றது. இத்தனை நாளும் வீட்டில் எனக்குக் கேட்ட அதே சத்தம். அந்தத் திருப்பத்துக்கு வந்தபோது காதுக்குப் பக்கத்தில் யாரோ "மெல்ல" என்றார்கள். சீலனைப் பார்த்தேன். அவர் செபமாலையைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தார், உதடு அசையவில்லை. யாரென்று நான் கேட்கவில்லை. மெல்லத்தான் திருப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் திவசம். சனிக்கிழமை மகளுக்குச் சொல்வேன். அவள் இனி என்னோடு கதைப்பாளோ தெரியாது, அதுதான் பெரிய பயம். ஞாயிறு, இலை போடுவதற்கு முன், பெட்டியை உங்கள் படத்துக்குக் கீழே வைத்து, உங்கள் அண்ணைக்கும் வந்திருக்கிற எல்லோருக்கும் சொல்வேன். சாப்பிடாமல் போகிறவர்கள் போகட்டும். முதல் இலை சீலனுக்கு, வீட்டுக்கு உள்ளே.

குறை நினைக்காதீர்கள். சொல்லாதை என்று நீங்கள் சொன்னது சீலனுக்கு, எனக்கில்லை. நீங்கள் நினைத்தபடியே கிடந்து அழுவேன். ஆனால் சொல்லிவிட்டுத்தான் அழுவேன்.

பெட்டியை இறக்கி வைத்த
உங்கள் மனுசி