நம்பாதவள் சொன்ன பெயர்

மார்ச் 4

இன்று முப்பத்தெட்டு எக்ஸ்ரே. பாதிக்கு மேல் நெஞ்சு. "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க." முப்பத்தெட்டாவது ஆளிடமும் அதே குரலில்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்தால், காலையில் நான் கிளம்பும்போது உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் அவர். மூடி வைத்த சாப்பாடு மூடியபடியே இருந்தது.

"சாப்பிடலையா?"

"மறந்துட்டேன்."

இன்றோடு இருபத்து மூன்று நாள்.

மார்ச் 5

ஒரே ஒரு முறை முழுதாக எழுதிவிடுகிறேன். பிறகு எழுத வேண்டியிருக்காது.

பிப்ரவரி 9, காலை ஏழு பத்து, மழை. என் வீட்டுக்காரர் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். நின்றிருந்த ஒரு வேனுக்குப் பின்னாலிருந்து குடையோடு ஒருவர் சாலையில் இறங்கினார். ஓய்வு பெற்ற தபால்காரர், வயது அறுபத்து மூன்று. காற்றுக்குக் குடையைச் சாய்த்துப் பிடித்திருந்ததால் பஸ் அவர் கண்ணில் படவில்லை. இவர் பிரேக்கின் மேல் ஏறியே நின்றிருக்கிறார். பஸ் நின்றது. ஆனால் அவரைத் தாண்டித்தான் நின்றது.

விசாரணை நடந்தது. வேகம் இருபத்தெட்டு, பிரேக் சரி, பார்வை சரி, குடிக்கவில்லை. ஓட்டுநர் மீது தவறில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளை இவர் படிக்கவே இல்லை.

தினமும் வண்டியை எடுக்கும் முன், தன் கையால் யாருக்கும் தீங்கு வரக்கூடாது என்று கண்ணை மூடி வேண்டிக்கொள்வார். அன்று மறந்துவிட்டாரோ என்று கேட்டேன். ஏன் கேட்டேன்?

"வேண்டிக்கிட்டுத்தான் எடுத்தேன்" என்றார்.

மார்ச் 9

கல்யாணமான புதிதில், "ஒரே வருஷத்துல உன்னை நம்ப வைக்கிறேனா இல்லையா பாரு" என்றார். "ஆறே மாசத்துல உங்களுக்குத் தெளிய வைக்கிறேன்" என்றேன். ஆயிற்று இருபத்து நான்கு வருடம். புதன்கிழமைதோறும் அவர் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போய்ப் பாடுவார். நல்ல குரல், தெருமுனை வரை கேட்கும். நான் வீட்டில் துணி மடிப்பேன். "மேல ஒருத்தர் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டிருக்கார்" என்பார். "ஆமா, மாடி வீட்டுக்காரர்" என்பேன். ஊர்வம்பு பேசாத வீட்டில் எங்களுக்கு இதுதான் பொழுதுபோக்கு.

இன்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"நீ சொன்னதுதான் சரி. அங்க யாரும் இல்ல."

நான் திரும்பவில்லை. தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

ஜெயித்துவிட்டேன் போலிருக்கிறது.

மார்ச் 10

ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 16

நாத்தனார் வந்திருந்தார். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கடவுள் உன்னைச் சோதிக்கிறாருடா" என்றார்.

"என்னைச் சோதிக்கிறதுக்கு இன்னொருத்தர் சாகணுமாக்கா?"

நாத்தனாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. என்னை அடுக்களைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். "எல்லாம் உன்னாலதான். சொட்டுச் சொட்டா ஊத்தி அவன் மனசைக் கெடுத்து வெச்சிருக்கே."

"நான் ஒண்ணும் பண்ணல அண்ணி."

உண்மை அதுதான். என் பேச்சுக்கு அவர் ஓர் அங்குலம்கூட நகர்ந்ததில்லை. இருபத்து நான்கு வருடம் வாய் வலிக்கப் பேசியும் நடக்காதது, மழையில் ஒருவர் குடை பிடித்ததில் நடந்துவிட்டது. இதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது? டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்காமலே போய்விட்டார்.

மார்ச் 21

என் பங்குக்கு நானும் முயன்றேன். தாளில் படம் போட்டு விளக்கினேன். ஈரச் சாலை, இருபத்தெட்டு கிலோமீட்டர் வேகம், கண் பார்த்துக் கால் அழுத்த ஒரு விநாடி. "நிக்கிறதுக்குப் பதினாலு மீட்டர் வேணும். உங்களுக்கு இருந்தது எட்டு. யாரு ஓட்டியிருந்தாலும் இதேதான்."

ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் நோயாளி மாதிரி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி, அப்போ நான் யாருகிட்ட மன்னிப்புக் கேக்கிறது?" என்றார்.

என் கட்சியில் அதற்கு ஆள் இல்லை. தாளை மடித்து வைத்துவிட்டேன்.

மார்ச் 28

வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "இந்தப் புதன் கூட்டத்துக்குப் போயிட்டு வாங்களேன்."

"யாரு, நீயா சொல்றே?"

"நான்தான்."

"நீ நம்புறியா இப்போ?"

"இல்ல."

"பின்னே?"

"நீங்க நம்பினா நல்லா இருப்பீங்க."

"அது என்ன மாத்திரையா? நம்பாதவ எழுதிக் கொடுத்தா நான் முழுங்கிக்கணுமா?"

சரியாகத்தான் கேட்டார். எனக்கு வேண்டாத ஒன்றை அவர் தலையில் கட்டப் பார்க்கிறேன். ஏமாத்துறேனோ? அவரையா, என்னையா — என்ன எழவுக்குப் போகச் சொல்றேன்னு எனக்கே தெரியல. அவர் குரல் வேணும். தெருமுனை வரைக்கும் கேக்குமே, அது வேணும். அவ்வளவுதான்.

ஏப்ரல் 2

கூட்டம் நடத்துகிறவரை மருந்துக்கடையில் பார்த்தேன். என்னைத் திருத்தப் பத்து வருடம் பாடுபட்டவர். வீட்டுக்கு வந்து அவரிடம் பேசுங்கள் என்றேன்.

"பேசலாம்மா. நான் பேசினா அவர் தலையாட்டுவார். தலையாட்ட வைக்கிற பேச்சு என்கிட்ட நிறைய இருக்கு. அவருக்கு இப்போ அது ஒண்ணுத்துக்கும் ஆகாது."

இத்தனை வருடத்தில் அவர் சொன்ன ஒன்றை இன்றுதான் ஒத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 11

கதவைத் திறந்தால் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். தன் பெயரைச் சொல்லவில்லை. "தபால்காரர் மக" என்றாள். என் கை தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். உட்கார் என்றும் சொல்லாமல், தானும் உட்காராமல் நின்றார்.

"திட்ட வரலைங்க" என்றாள். "விசாரணை அறிக்கையை ரெண்டு தடவை படிச்சேன்."

நான்தான் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே பேசினாள். "அப்பா ரொம்ப நம்புறவரு. எனக்கு அதெல்லாம் கிடையாது. வீட்டுல தினம் சண்டைதான். செத்துப்போனவங்க பேரை வாரா வாரம் சொல்லி வேண்டிக்கணும்பாரு. அம்மா பேரை ஒன்பது வருஷமா அவர்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு. இப்போ ரெண்டு பேருக்கும் சொல்ல ஆள் இல்ல. நான் சொன்னா பொய்யாயிடும். நீங்க கூட்டத்துல பாடுறவர்னு சொன்னாங்க. நீங்க சொல்வீங்களா?"

"நான் விட்டுட்டேம்மா. எனக்கும் இப்போ இல்ல" என்றார்.

"ஐயோ, நீங்களுமா?" என்றாள். கேட்டு வந்த பொருள் கடையில் தீர்ந்துவிட்டது மாதிரி ஒரு முகம். எழுந்துகொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"நம்பணும்னு இல்லைங்க. பேரைத் தப்பில்லாமச் சொன்னாப் போதும். அப்பா பேரை எல்லாரும் தப்பாத்தான் சொல்வாங்க. அவருக்குக் கோவம் வரும்."

அங்கேயே சுவரில் வைத்து ஒரு தாளில் இரண்டு பெயரையும் எழுதினாள். இவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவள் தெருவில் இறங்கியபின் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். கூட்டம் இன்றைக்கு இல்லை, புதன்கிழமைதான் என்று நான்தான் சொன்னேன்.

ஏப்ரல் 15

போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்தாராம். "பாடல. கண்ணை மூடல. பேரை மட்டும் சொன்னேன்." தட்டைத் தானே எடுத்து வைத்துச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 22

போனார்.

மே 6

டிப்போவில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம். ஓட்டுவதில்லை. டயர் பார்க்கிறார், வண்டி கழுவுமிடத்தில் நிற்கிறார். கூட்டத்துக்கு ஒரு வாரமும் விடவில்லை. சோப்பு வாசனையோடு வந்தவரைக் கேட்டேன்.

"அங்க போனா ஏதாவது தோணுதா?"

"இல்ல."

"அப்புறம்?"

"சொல்றேன்னு ஒத்துக்கிட்டேனே."

நாத்தனார் போனில் பூரித்துப்போகிறார். "பார்த்தியா, என் தம்பி திரும்பிட்டான். உன் பாச்சா பலிக்கல." ஆமாம் அண்ணி என்றேன். எதற்கு மறுக்க வேண்டும்? அவரை நான் மாற்றவும் இல்லை, அண்ணி மீட்கவும் இல்லை. இதை விளக்கினால் போன் சூடாகும், அவ்வளவுதான்.

ஜூன் 17

நேற்றிலிருந்து அவருக்குக் காய்ச்சல். தொண்டை கட்டிக் குரல் சுத்தமாக இல்லை. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

புதன் என்று விரலால் காலண்டரைக் காட்டினார்.

"படுங்க. நான் போறேன்."

கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார்.

இத்தனை வருடத்தில் அந்தக் கூடத்துக்குள் காலை வைத்ததில்லை. நீளமான பெஞ்சுகள், ஓடாத ஒரு மின்விசிறி. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் கண்ணை மூடியபோது நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் சொல்கிறவர்கள் சொல்லலாம் என்றதும் எழுந்தேன். முதலில் தபால்காரரின் மனைவி பெயர். அப்புறம் அவர் பெயர். நடுவில் ஒரு ழகரம் வருகிறது, எல்லாரும் இடறுவது அங்கேதான் போலிருக்கிறது. நிறுத்தி, நிதானமாகச் சொன்னேன். முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின.

வெளியே வரும்போது, கூட்டம் நடத்துகிறவர் செருப்பு விடுமிடத்தில் நின்றிருந்தார்.

"என்னம்மா, மாறிட்டீங்களா?"

"இல்லைங்க. அவருக்குக் காய்ச்சல்."

"சரிம்மா" என்று வழிவிட்டார்.

வீட்டில் அவர் தூங்கவில்லை. ரெண்டு பேரையுமா என்று விரலைக் காட்டிக் கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு காற்றுக் குரலில், "உனக்கு ஏதாவது தோணுச்சா?"

"கால் வலிச்சுது."

சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிப்ரவரிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. இருமல் வந்து, வெந்நீர் கொடுத்து, படுக்க வைத்தேன்.

அந்தத் தாள் மடிப்பில் கிழிய ஆரம்பித்திருக்கிறது. வேறு தாள் எடுத்து, இரண்டு பெயரையும் என் கையெழுத்தில் எழுதி வைத்தேன்.