ஆறு ஸ்க்ரூவும் ஒரு வாய்த் தண்ணீரும்

என் ராசாவே, செல்வி அப்பா,

நீங்கள் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் உங்களை இப்படிக் கூப்பிட்டதில்லை. யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்ற வெட்கம். இப்போது யார் சிரித்தால் எனக்கென்ன? மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பேத்தி திவ்யா பிழை திருத்தித் தருகிறேன் என்றாள். எழுத்தை மட்டும் திருத்து, விஷயத்தில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன்.

முதலில் நல்ல சேதி. நம் செல்வி நேற்று வார்டில் எட்டு அடி நடந்தாள். உங்கள் மகள் கழுத்துக்குள் இப்போது ஆறு ஸ்க்ரூ இருக்கிறது. கதவுக்குக் கீல் மாட்ட நீங்கள் முடுக்குவீர்களே, அந்த ஜாதிதான். நம்புவீர்களா?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. நீலசந்திராவில் இப்போது நாங்கள் இருக்கும் வீடு மாடியில். படி என்று பேர், ஏணி என்றுதான் சொல்ல வேண்டும். வைட்ஃபீல்டில் ஓர் அபார்ட்மென்டில் செல்விக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை. கீழே வேன்காரன் ஹாரன் அடிக்க, ஈரப் படியில் ஓடினாள். தலைகுப்புற விழுந்தாள். "அம்மா, தண்ணி" என்றாள்.

செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு ஓடினேன். கீழே உட்கார்ந்து, தலையைத் தூக்கி மடியில் வைக்கக் கையை நீட்டிவிட்டேன். விழுந்தவர்களுக்கு வேறென்ன செய்வோம்?

"ஏ அம்மா! நக்கோ! தலைய தொடாதே!"

கீழ்வீட்டு நசீமா. ஆஸ்பத்திரியில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்க்கும் வார்டில் ஆயா வேலை. மொட்டைமாடிக் கொடியில் போட்ட அவள் வீட்டு ஈரப் போர்வை என் வடகத்தின் மேல் சொட்டிப் பதினோரு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவளோடு எனக்குப் பேச்சு கிடையாது.

"எம் பொண்ணுடி! தண்ணி கேக்கறாடி!"

"கேட்டா கேக்கட்டும். கழுத்து ஒடைஞ்சிருந்தா? நீ தூக்குனேன்னு வெய்யி, அவ்ளோதான்!"

சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த செம்பைத் தட்டிவிட்டாள். செல்வியின் தலைமாட்டில் மண்டிபோட்டு, இரண்டு காதோரமும் உள்ளங்கையை வைத்து, முழங்கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். அவ்வளவுதான், சிலை. செல்வி, "அக்கா, கையெல்லாம் மரத்துப்போச்சு" என்று அழுதாள். "ஆடாதே கண்ணு. தலையாட்டிப் பதில் சொல்லாதே, வாயால சொல்லு" என்றாள் அவள். திவ்யா ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நசீமாவின் ஏழு தலைமுறையையும் திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "திட்டுனது போதும், மூக்கு அரிக்குது. என் கைய எடுக்க முடியாது. நீ கொஞ்சம் சொறிஞ்சு வுடு."

சொறிந்துவிட்டேன். பதினோரு வருஷப் பகை, அவள் மூக்கைச் சொறிந்தேன்.

வந்தவர்கள் கழுத்துக்குப் பட்டை போட்டு, தலையும் உடம்பும் ஒன்றாக, மரக்கட்டையைப் புரட்டுகிற மாதிரி புரட்டிப் பலகையில் ஏற்றினார்கள். அதுவரை நசீமாவின் கை இம்மி நகரவில்லை.

டாக்டர் கன்னடக்காரப் பையன். பாட்டி என்பதை அஜ்ஜி என்பார். மேசை மேல் பிளாஸ்டிக் எலும்பு ஒன்றை வைத்துக் காட்டினார். "இங்க பாருங்க அஜ்ஜி. கழுத்துல ஏழு எலும்பு, மணி கோத்த மாதிரி. அஞ்சாவது ஒடைஞ்சு முன்னாடி நழுவிடுச்சு. உள்ளே போற நரம்பு நசுங்கியிருக்கு. அறுந்து போகல. எலும்பை நேராக்கி, நாலு, அஞ்சு, ஆறுன்னு மூணு எலும்புலயும் ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ போட்டு, கம்பியால சேத்துக் கட்டிடுவோம்."

"முதல்ல ஓட்டை போட்டுட்டு முடுக்குவீங்களா, நேரா முடுக்குவீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஓட்டை போட்டுத்தான். இல்லன்னா எலும்பு பொளந்துடும். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுக்காரரு ஆசாரி. அப்படித்தான் சொல்வாரு."

"அப்ப நான் பாஸா அஜ்ஜி?"

"கை நடுங்காம இருந்தா பாஸ்" என்றேன். திவ்யா என் முதுகில் கிள்ளினாள்.

கேளுங்கள் இதை. ஸ்க்ரூ போகிற இடம் ஒரு கொண்டைக்கடலை அளவு எலும்பு. அதற்கு உள்பக்கம், கையையும் காலையும் ஆட்டிவைக்கும் நரம்பு. முன்பக்கம், மூளைக்கு ரத்தம் ஏற்றும் குழாய். ஊசிமுனை அளவு சாய்ந்தாலும் ஆபத்து. செல்வியைக் குப்புறப் படுக்கவைத்து, ஒவ்வொரு ஓட்டைக்கும் எக்ஸ்ரே பார்த்துப் பார்த்துப் போட்டார்களாம். நாலு மணி நேரம். நீங்கள் வாசக்காலில் ஒரு கீலை மாட்டவே மூச்சைப் பிடித்துக்கொள்வீர்கள். அந்த மனுஷர் எத்தனை மூச்சைப் பிடித்திருப்பார்?

பிறகு படத்தைக் காட்டினார்கள். கறுப்பில் வெள்ளையாக, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. எந்தச் சாமி படத்தையும் நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. என்னை அறியாமல் கும்பிட்டுவிட்டேன். மூன்றாம் நாள் செல்வியின் கட்டைவிரல் அசைந்தது. ஒரே ஒரு விரல். பெற்றபோதுகூட நான் அப்படி அழவில்லை.

அன்றைக்குத்தான் டாக்டர் கேட்டார். "விழுந்ததும் தலையைப் புடிச்சுக்கிட்டது யாரு? நல்ல வேலை செஞ்சாங்க. தூக்கி ஆட்டியிருந்தா, மிச்சமிருந்த நரம்பும் போயிருக்கும்."

பார்க்க வந்திருந்த நசீமா வெட்கப்பட்டுச் சிரித்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன், செல்வி அப்பா.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நேற்றுவரை உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீங்கள் விழுந்த அன்று நான் கட்டட வேலை நடந்த இடத்துக்குச் சோறு கொண்டுவந்திருந்தேன். இரண்டாம் மாடி ஜன்னலுக்குச் சட்டம் வைத்துக்கொண்டிருந்தவர் என் கண்ணெதிரே விழுந்தீர்கள். ஓடி வந்தேன். என் முந்தானையை நீங்கள் இறுக்கிப் பிடித்தீர்கள். "தண்ணி" என்றீர்கள். தலையைத் தூக்கி மடியில் வைத்து ஊட்டினேன். ஒரு வாய்தான் உள்ளே போனது. முந்தானையைப் பிடித்திருந்த கை தானாக விழுந்தது. அதற்குப் பிறகு அது அசையவே இல்லை. லாரி வந்தது அதற்கும் பிறகுதான்.

ராஜு மேஸ்திரி உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மணல் லாரியில் தூக்கிப் போட்டதால்தான் கழுத்து போனது என்று ஊரெல்லாம் சொன்னேன். ஒன்பது நாள் கழித்து நீங்கள் போனபோது அவர் முகத்தில் மண்ணை வாரி வீசினேன். அவர் செத்தபோது நம் தெருப் பெண்களில் ஒருத்தியையும் எழவு வீட்டுக்குப் போக விடவில்லை. அவர் பெண்டாட்டி சரசு, துணைக்கு ஆளில்லாமல் அழுதாளாம். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. செல்வியையும் அந்தப் பகையை ஊட்டித்தான் வளர்த்தேன்.

டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "ரொம்ப வருஷம் முன்ன ஒருத்தர் விழுந்தாரு. தலையைத் தூக்கித் தண்ணி குடுத்தாங்க. அதனாலதான் போனாரா?"

"யாரு அஜ்ஜி?"

"தெரிஞ்சவரு."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "விழுந்தப்பவே நரம்பு போயிருக்கலாம். தூக்கினதாலயும் இருக்கலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாது. அந்தக் காலத்துல யாருக்கு என்ன தெரியும் அஜ்ஜி?"

தெரியாதுதான். ஆனால் அந்தக் கை விழுந்ததை நான் பார்த்தேனே. பார்த்துவிட்டு லாரி மேல் பழியைப் போட்டேனே. அது தெரியாமல் செய்ததா? நீங்களே சொல்லுங்கள். அந்த ஒன்பது நாளும் பேச முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்ன சொல்ல நினைத்தீர்கள்?

நேற்று செல்வி எட்டு அடி நடந்து வந்து உட்கார்ந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கழுத்தைத் திருப்ப முடியாது அவளால். சுவரைப் பார்த்தபடியே, "சரசு அத்தைக்குத் தெரியுமா?" என்றாள். அவளை அத்தை என்று என் மகள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சரசு வீட்டுக்குப் போகிறேன். நசீமா கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். சரசு கதவைச் சாத்தினால் தெருவில் நின்று, தெருவே கேட்க, உங்கள் தலையைத் தூக்கியது நான்தான் என்று சொல்வேன். மண்ணை வாரி வீசினால் முகத்தைத் திருப்ப மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் பெண்டாட்டி,
செல்வியின் அம்மா,
பச்சையம்மா