மோர் குடித்த கன்று

ஹம், ஜேர்மனி,
6 மார்ச் 2025

அன்புள்ள ஜசிந்தாவுக்கு,

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நீ என்னிடம் விட்டுப்போன உன் மூன்று கஞ்சாக் கன்றுகளில் இரண்டு நலம். மூன்றாவதைக் கொன்றவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை நீ ஆறுதலாக வாசிக்கலாம்.

நேற்றுத் தொலைபேசியில், "ரெண்டாம் சுற்றுக் கீமோ மருந்து எனக்கு வேண்டாம் கௌரி. பதினெட்டாம் திகதி டாக்டரைப் பார்க்கிற ரெர்மினில அவரிட்டச் சொல்லப்போறன். கன்றுகளைப் பிடுங்கி எறி" என்றாய். உடனே போனை வைத்துவிட்டேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கொலைக் கதை. பனிக்காலத்தில் கறிவேப்பிலை சோர்ந்தால் புளித்த மோர் வார்ப்போம். ஹம்மில் மோர் குடிக்காத கறிவேப்பிலை எந்தத் தமிழ் வீட்டில் இருக்கிறது? உன் கன்றுகளில் சின்னது வாடின மாதிரித் தெரிந்ததும் அதற்கும் இரண்டு கரண்டி வார்த்துவிட்டேன். மூன்றாம் நாள் மண்ணெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். தண்டு அடியில் நூலாய் மெலிந்து சாய்ந்துவிட்டது. படம் எடுத்து ஹம்பேர்க்குக்கு, உன் மகள் சுஜானிக்கு அனுப்பினேன். பிள்ளை ஏசவில்லை. இந்த வயதில் கன்றுக்குத் தண்ணீர் கூடினாலே ஆபத்து, மோர் எங்கேயிருந்து வந்தது அன்ரி என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது ஒழுங்காகச் செய்கிறேன். காலையில் வேலைக்குப் போகமுன் உன் வீட்டைத் திறந்து, மண்ணை விரலால் தொட்டுப் பார்ப்பேன். மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் சட்டியின் ஓரமாகத் தேக்கரண்டியால் தண்ணீர். வெளிச்சம் தேடி நெட்டையாய் வளர்ந்தன என்று மேலே தொங்கும் விளக்கைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டினேன். தண்டு உரமாகட்டும் என்று சின்னக் காற்றாடியும் ஓடுகிறது. அறையைப் பூட்டித் திறப்பை என் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன்.

அடியே, என்ன கன்றுகளடி இவை! முதலில் வந்த இரண்டு இலையும் வழுவழுப்பாக, அப்பாவிபோல இருந்தன. அடுத்த சோடிக்கு விளிம்பெல்லாம் பல். இந்தக் கிழமை வந்த இலைகள் மூன்று விரல் விரித்து நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒன்று என் கை தட்டிச் சரிந்தது. பக்கத்தில் ஒரு பல்குத்தும் குச்சியை ஊன்றிவிட்டுப் போனேன். மறுநாள் வந்து பார்த்தால் குச்சியில் சாயாமல் தானே நிமிர்ந்து நிற்கிறது. பார்த்துக்கொண்டு நின்றதில் பஸ்ஸையும் விட்டேன்.

உன்னை நினைத்தால் என்மேல் எனக்கே வெட்கமாக இருக்கிறது. நீ விதை வாங்கிய அன்று, கஞ்சா வளர்க்கிற வீட்டில் நான் தேத்தண்ணி குடிக்கமாட்டேன் என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனவள் நான். முதல் சுற்று மருந்தில் ஒரு பிடி சோறு உனக்கு இறங்கவில்லை. அந்த நிலையிலும் நீ எதையும் ஒளிக்கவில்லை, கஞ்சா எடுத்தால் பசிக்குமா என்று டாக்டரிடமே கேட்டாய். தமிழ்க் கடையில் புஷ்பராணி அக்கா குசுகுசுத்தபோது, "ஓம் அக்கா, வளர்க்கிறன். எனக்குச் சாப்பிடவேணும், உயிரோட இருக்கவேணும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாய். இருபத்தாறு வருடம் உன்னோடு ஒரே சமையலறையில் வேலை செய்தும், உனக்குள் இவ்வளவு துணிவு இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்த வாயாலா இப்போது வேண்டாம் என்கிறாய்?

பிடுங்கமாட்டேன். நீ அறைக் கதவில் ஒட்டிய சட்டக் கடதாசியை நேற்று அகராதியோடு உட்கார்ந்து வாசித்தேன். மூன்று கன்றுவரை வீட்டில் வளர்க்க இந்த நாட்டுச் சட்டம் விடுகிறதாம், ஆனால் வளர்த்தவள் தனக்கு மட்டுமே எடுக்கலாமாம். நீ எனக்குத் தரவும் கூடாது, நான் எடுக்கவும் கூடாது. இவை வளர்ந்து பூக்கும்போது பறிக்க உரிமையுள்ள கை உன்னுடையது ஒன்றுதான். நீ வராவிட்டால் அவை யாருக்கும் இல்லை.

பதினெட்டாம் திகதி டாக்டரிடம் ஓம் என்று சொல்லு, ஜசிந்தா. என் அம்பாளும் உன் மாதாவும் இரண்டு பக்கமும் நிற்கட்டும்.

உன்னை விட்டால் சண்டைபிடிக்க ஆளில்லாத,
சிவகௌரி