கூரைக்குள் மாட்டிக்கொண்டது

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டி வலிக்கு மாத்திரை போடுகிறீர்களா, அம்மாவுக்குச் சளி விட்டதா என்று எழுதுங்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. வீட்டுக்குள் இருக்கும் சூடு கூரை வழியே வீணாகாமல் இருக்க, ஓட்டுக்கு அடியில் தடிமனான பஞ்சு விரிப்பதுதான் எங்கள் வேலை. செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டில் படுத்தபடி ஊர்ந்துபோனவன், இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே தோளோடு மாட்டிக்கொண்டேன். முன்னாலும் நகர முடியவில்லை, பின்னாலும் நகர முடியவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

மேஸ்திரி வரும்வரை வீட்டுக்கார அம்மா கீழே நின்று பேச்சுக் கொடுத்தார். அவரும் தமிழ்க்காரர்தான்.

“போன குளிருக்கு ஹீட்டர் போட்டுக் கட்டுப்படியாகல தம்பி. போட்ட சூடெல்லாம் மேலேயே போயிடுச்சு. நானும் பிள்ளைங்களும் ஒரே ரூம்ல முடங்கிக் கிடந்தோம். இந்த வருஷமாவது மத்த ரூமைத் திறக்கலாம்.”

மேஸ்திரி வந்து, “மூச்சை முழுசா விடுப்பா” என்று காலைப் பிடித்து இழுத்தார். தோளில் சிராய்ப்புதான். பாதி வேலை அப்படியே கிடந்தது. என்னைவிட ஒல்லியான ஆள் இல்லாததால், அதே இடுக்குக்குள் மறுபடி நானே போய் முடித்தேன்.

மிஞ்சிய பஞ்சை நாங்கள் தங்கியிருக்கும் அறைக்குத் தரும்படி மேஸ்திரியிடம் கேட்டேன். “வாடகை இடத்துல கை வைக்கக் கூடாது” என்றார். வேலை ஒப்பந்தம் முடிய இன்னும் பத்தொன்பது மாதம் இருக்கிறது. அதுவரை வேறு அறைக்கோ வேறு வேலைக்கோ போக முடியாது.

உங்கள் பழைய சட்டை இரண்டு அனுப்புங்கள். ஜன்னல் இடுக்கில் செருகத்தான். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. வருகிறேன் அப்பா.

உங்கள் மகன்