ஜட்ஜம்மாவின் பால் வழக்கு

மார்ச் 3, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை என் சலூன் கடைக்கு விடுமுறை. எனக்கு இல்லை. பற்பசை மூடியைத் திறந்து தரச் சொல்லி மனைவி காலையிலேயே எழுப்பிவிட்டாள். முன்பெல்லாம் நான் மல்லுக்கட்டும் பாட்டிலை என் கையிலிருந்து பிடுங்கித் திறப்பவள். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. எறும்புத் தலையளவு திருகாணியை மூக்குக் கண்ணாடியில் பொருத்துகிற விரல்கள், இப்போது வெந்நீரில் ஊறினால்தான் மடங்குகின்றன.

டாக்டரம்மா இன்று முடிவாகச் சொல்லிவிட்டார். மூட்டு வாதம். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு இப்படி வருமாம். மாத்திரை இருக்கிறது. ஆனால் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டு இந்த மாத்திரையைப் போடக் கூடாது. குழந்தைக்குத்தான் ஒரு வயது தாண்டிவிட்டதே, பசும்பாலுக்கு மாற்றுங்கள், ஒவ்வொரு வேளையாக நிறுத்துங்கள், தள்ளிப் போட்டுக்கொண்டே போனால் விரல் கோணிக்கொள்ளும் என்றார்.

இவள் அங்கே நன்றாகத் தலையாட்டினாள். படியிறங்கும்போது, “அவ முதல்ல பால் குடிக்கப் பழகட்டும். அதுக்கப்புறம்தான் மாத்திரை” என்றாள். பழகாவிட்டால்? நான் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும்.

அம்மா கையால் கொடுத்தால் வாங்க மாட்டாள், வேறு ஆள் கொடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வேறு ஆள் என்றால் வீட்டில் நான்தான். சலூன் வைத்திருப்பவன். எப்பேர்ப்பட்ட வாலுகளை எல்லாம் நாற்காலியில் உட்காரவைத்துக் கத்தரி போட்டவன். பெற்ற பெண்ணுக்கு ஒரு கிண்ணம் பால் புகட்ட முடியாதா என்ன?

மார்ச் 5, வியாழன்

முடியவில்லை.

மார்ச் 6, வெள்ளி

பாப்பாவுக்கு ஜட்ஜம்மா என்று நான்தான் பெயர் வைத்தேன். எதை எதிரில் வைத்தாலும் உதட்டை இறுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு ஒன்று, வாயைத் திறப்பாள். இல்லையென்றால் புறங்கையால் ஒரு தள்ளு. வழக்கு தள்ளுபடி. மேல்முறையீடு கிடையாது.

இன்று கடையில் செய்வதையே செய்து பார்த்தேன். கத்தரியைக் கண்ணில் காட்டாமல் பொம்மையைக் காட்டுவோமே, அதுபோலக் கரடி பொம்மைக்குப் பின்னால் கிண்ணத்தை மறைத்துக் கொண்டுபோனேன். கரடியைப் பார்த்தாள். கரடியைச் சுற்றி எட்டிக் கிண்ணத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ஒரே தள்ளு. கரடி குளித்தது, நான் குளித்தேன், மேஜைக்கடியில் கிடந்த செருப்பும் குளித்தது. வீடு முழுக்கப் பால் வாடை. எனக்குச் சிறு வயதிலிருந்தே அது ஆகாது. ஒரு தடவை பாலாடை தொண்டையில் ஒட்டிக்கொண்டதிலிருந்து பாலில்லாத டீதான். ஜன்னலையெல்லாம் திறந்துவைத்துவிட்டுத்தான் கடைக்கு இறங்கினேன்.

மார்ச் 8, ஞாயிறு

டாக்டரம்மா சொன்ன இன்னொரு வழி: தாய்ப்பாலைக் கிண்ணத்தில் எடுத்து, அதில் பசும்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது.

பாலைப் பீய்ச்சி எடுக்க இவள் பட்ட பாடு இருக்கிறதே. அமுக்க விரல் ஒத்துழைக்க வேண்டுமே. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாய்ப்பாலைக் கிண்ணத்தில் கொடுத்தால் மடமடவென்று குடிக்கிறாள் ஜட்ஜம்மா! அதுவும் என் கையால்! துள்ளிக் குதித்தேன்.

சாயங்காலம் அதில் ஒரே ஒரு கரண்டி பசும்பால் கலந்து கொண்டுபோனேன். தள்ளுபடி. என்ன நாக்கடி இது!

மார்ச் 10, செவ்வாய்

பால் பாக்கெட்டை மாற்றினேன். சூட்டை மாற்றினேன். கிண்ணத்தை மாற்றினேன், தம்ளரை மாற்றினேன், மூக்கு வைத்த கோப்பை ஒன்று புதிதாக வாங்கினேன். ஊட்டுகிற இடத்தையும் மாற்றிப் பார்த்தாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

அக்கா போன் செய்தாள். மார்பில் கசப்பாக எதையாவது தடவினால் குழந்தை தானாக விட்டுவிடும் என்றாள். அவள் சொன்னதை இவளிடம் அப்படியே ஒப்பித்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“என் பிள்ளைக்கு நானே கசக்கணுமா?” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் பேச்சு அத்தோடு சரி.

மார்ச் 12, வியாழன்

கண்ணாடிக் கடையில் இவள் கையிலிருந்து ஃபிரேம் நழுவி, லென்ஸில் கீறல். முதலாளி நல்ல மனிதர், திட்டவில்லை. இனி கொஞ்ச நாள் முன்பக்கம் உட்கார்ந்து வருகிறவர்களைக் கவனி, திருகாணி வேலையை வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்றிருக்கிறார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்கிறாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ — மாத்திரையைப் போட்டுத் தொலையேன், சோறு சாப்பிடறா, பழம் சாப்பிடறா, பால் குடிக்கலன்னா என்ன குடியா முழுகிப்போகும்னு கத்திட்டேன். சாப்பிடுவது போதாதா என்பதல்ல அவள் கவலை, எனக்கும் தெரியும். தூக்கம் வந்தால், விழுந்தால், பயந்தால் ஓடிவந்து முகம் புதைக்கிற இடத்தைப் பிடுங்கிவிட்டு, பதிலுக்கு ஒன்றுமே கொடுக்காமல் விடுவதா? அதுதான் அவள் கேள்வி. அவள் அழுதுகொண்டே பால் கொடுத்தாள். நான் போய்த் துணி துவைத்தேன். வேறென்ன செய்ய?

ஒரு கிண்ணம் பால் இது. என்னால் முடியவில்லையே. அப்பா என்று இருந்து என்ன புண்ணியம்?

மார்ச் 17, செவ்வாய்

இதை நிதானமாக எழுத வேண்டும். சிரிப்பும் வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

இவள் கொஞ்சம் படுத்திருக்கட்டும் என்று ஜட்ஜம்மாவைத் தூக்கிக்கொண்டு கீழே கடைக்குப் போனேன். விடுமுறை நாள், ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. சின்னப் பிள்ளைகளுக்காக நாற்காலிக் கைப்பிடிகளின் மேல் குறுக்கே போடும் பலகையைப் போட்டு உட்காரவைத்தேன். கண்ணாடியில் தன்னைப் பார்த்ததும் ஒரே குஷி. தன்னைத்தானே கூப்பிட்டுக் கை தட்டிக்கொண்டாள். நல்ல நேரம் என்று பின்னாலிருந்தே பால் கோப்பையை நீட்டினேன். கோப்பையை அவள் மூக்கருகே கொண்டுபோகும்போது சும்மா நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன்.

அதில் ஒருவன் நிற்கிறான். மூக்கு சுருங்கி, மேலுதடு ஏறி, ஒரு கண் இடுங்கி — சாக்கடையைத் தாண்டுகிறவன் மாதிரி! நான்தான் அது. கண்ணாடியிலேயே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் ஜட்ஜம்மா. அவள் மூக்கும் சுருங்கியது. மேலுதடு ஏறியது. அதே கண் இடுங்கியது. பிறகு புறங்கை எழுந்தது.

கோப்பையை வைத்துவிட்டு அப்படியே தரையில் கிடந்த நேற்றைய முடி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

தாய்ப்பாலை நீட்டும்போது நான் முகம் சுளிக்கவில்லை, குடித்தாள். பசும்பால் ஒரு கரண்டி கலந்ததும் வாடை பட்டு என் மூஞ்சி கோணியது, அவள் தள்ளினாள். நாக்காவது ஒன்றாவது! இத்தனை நாளும் அவள் பாலைச் சோதிக்கவே இல்லை. அப்பன் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லியிருக்கிறாள். அப்பனுக்கே பிடிக்காததை நாம் எதற்குக் குடிக்க வேண்டும்? நியாயம்தானே?

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் நிற்கிறவனுக்குத் தன் மூஞ்சியே தெரியவில்லை.

மாடிக்குப் போய் இவளிடம் சொன்னேன். நடித்தும் காட்டினேன். வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: “அப்போ இப்ப யாருக்குப் பால் பழக்கணும்?”

மார்ச் 18, புதன்

சிரித்துக்கொண்டே கொடுத்துப் பார்த்தேன். போலிச் சிரிப்புக்கெல்லாம் மயங்குகிற ஜட்ஜா அவள்? இன்னும் சந்தேகமாகப் பார்த்தாள்.

வேறு வழியில்லை. நான் நிஜமாகவே குடிக்க வேண்டும்.

மார்ச் 19, வியாழன்

ஒரு மடக்கு. குமட்டிக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினேன். நல்லவேளை, ஜட்ஜம்மா தூக்கத்தில் இருந்தார்.

மார்ச் 22, ஞாயிறு

இவள் கையில் எடுத்துக்கொண்டாள் என் கேஸை. “ஒரேயடியா வேண்டாங்க. டாக்டரம்மா பாப்பாவுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் கலந்து தர்றேன்” என்று என் டீயில் ஒரு கரண்டி பால் ஊற்றினாள். நாளைக்கு இரண்டு கரண்டியாம். குழந்தைக்குச் சொல்கிற தொனியிலேயே “சமர்த்து, சமர்த்து” என்கிறாள். எனக்கு ரோஷம் வந்தது. இருந்தாலும் குடித்தேன்.

கை வலியோடு எனக்கு டீ கலக்குகிறாள். அதை நினைத்துக்கொண்டு குடித்தால் வாடை அவ்வளவாகத் தெரியவில்லை.

மார்ச் 26, வியாழன்

முகச்சவரத்துக்கு வருகிற தபால்காரர், ஓய்வு பெற்றவர், நான் வெள்ளை டீ குடிப்பதைப் பார்த்துவிட்டு வயிற்றில் புண்ணா என்று விசாரித்தார். பெண்ணுக்குப் பால் பழக்குகிறேன் என்றேன். கத்தி கழுத்தில் இருந்ததால் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

என் கோப்பையிலிருந்து டீ இன்று முழுசாகப் போயிற்று. வெறும் பால், வெதுவெதுப்பாக, ஆடையை வடிகட்டி. தரையில் ஜட்ஜம்மாவுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கொடுக்கவில்லை, நீட்டவில்லை, கரடி பொம்மை இல்லை, பாட்டு இல்லை. என் பாட்டுக்குக் குடித்தேன்.

சொன்னால் நம்ப மாட்டார்கள், பரவாயில்லை என்றே இருந்தது. கொஞ்சம் இனிப்பாகக்கூட.

உதட்டை இறுக்கிக்கொண்டு பார்த்தாள். நான் விழுங்குவதை, தொண்டை ஏறி இறங்குவதை, மறுபடி நான் கோப்பையைத் தூக்குவதை எல்லாம் பார்த்தாள். பிறகு தவழ்ந்து வந்து, என் முழங்காலைப் பிடித்து எழுந்து, என் கோப்பையை வாயோடு சேர்த்து இழுத்தாள். பாதி சட்டையில் கொட்டியது. மீதி உள்ளே போயிற்று. குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். அதையும் காப்பியடித்துவிடப் போகிறாளே என்று பயந்து அவசரமாகச் சிரித்தேன்.

கதவோரம் நின்றிருந்தாள் இவள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 4, சனி

மதிய வேளைத் தாய்ப்பால் நின்றது. இரண்டு பேரும் ஆளுக்கொரு கோப்பை.

ஏப்ரல் 10, வெள்ளி

சாயங்கால வேளையும் நின்றது. ஜட்ஜம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. இவளுக்குத்தான் மார்பு கட்டிக்கொண்டு வலி. ஈரத்துணி நனைத்து நனைத்துக் கொடுக்கிறேன். உடம்பு இன்னும் நேரம் தவறாமல் பாலைச் சுரக்கிறது, அதுக்கு யார் சொல்றது என்கிறாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலை வேளை ஒன்றுதான் பாக்கி இருந்தது. இன்றோடு அதுவும்.

ஜன்னலோரம் உட்கார்ந்து கொடுத்தாள். நான் வெளியே போகட்டுமா என்று கேட்டதற்கு இருங்கள் என்றாள். ஜட்ஜம்மா ஒரு கையால் அம்மாவின் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டே குடித்தாள், எப்போதும்போல. பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள், மறுபடி குடித்தாள். இவள் அவள் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள்.

“இதுதான் கடைசின்னு அவளுக்குத் தெரியாதுல்ல?”

தெரியாது என்றேன்.

“நல்லவேளை” என்றாள்.

ஏப்ரல் 20, திங்கள்

முதல் மாத்திரை. நான்தான் அட்டையிலிருந்து பிதுக்கிக் கொடுத்தேன். தண்ணீரோடு விழுங்கிவிட்டு, பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜட்ஜம்மா கதவைத் தட்டித் தட்டி அழுதாள். பாலை நீட்டினால் குடிக்கவில்லை. அவளுக்கு வேண்டியது பால் இல்லையே, அம்மாதானே.

என்னால் பார்க்க முடியவில்லை. கதவைத் திறக்கச் சொன்னேன். பால் நின்றால் மடியுமா நிற்க வேண்டும்? இவள் திறந்தாள், தூக்கினாள், ஜட்ஜம்மா அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள், இல்லை என்றதும் இன்னும் அழுதாள், பிறகு அங்கேயே தோளில் முகத்தைப் புதைத்துத் தூங்கிப்போனாள். இரண்டு பேரையும் நாற்காலியில் அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். முதல் வாடிக்கையாளருக்கு ஒரு பக்கக் கிருதாவை ஏற்றி வெட்டிவிட்டேன். பெரிய மனசு, காசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 29, புதன்

சட்டையை இழுப்பது நின்றுவிட்டது. விழுந்தால் இன்னும் அம்மாவிடம்தான் ஓடுகிறாள், முகம் புதைக்கிறாள், எழுந்து போகிறாள். அதற்குப் பால் தேவைப்படவில்லை என்பது இவளுக்கே ஆச்சரியம்.

விரலில் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சொன்னார்தான். இருந்தாலும் தினமும் காலையில் இவள் கையைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறேன்.

மே 9, சனி

ஒன்றுமில்லை. வெயில். கடையில் கூட்டம்.

மே 26, செவ்வாய்

காலையில் ஜட்ஜம்மா எழுந்தாள். நடை பழகிவிட்டதால் இப்போதெல்லாம் மிடுக்குத் தாங்க முடியவில்லை. தரையிலிருந்து தன் கோப்பையை எடுத்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மாவைத் தாண்டி நேராக என்னிடம் வந்து நீட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. விடுவேனா?

“பாத்தியா? உன் ராஜ்ஜியமெல்லாம் முடிஞ்சுது. இனிமே இந்த வீட்டுக்குப் பால் மந்திரி நான்தான்” என்றேன்.

“ரொம்பத்தான்” என்று இவள் என் மேல்கையைக் கிள்ளினாள். சும்மா தொட்டு எடுக்கிற கிள்ளல் இல்லை. சதையைச் சேர்த்துப் பிடித்து ஒரு திருகு. உயிர் போகிற வலி. கத்திவிட்டேன்.

கத்தியபிறகுதான் இருவருக்கும் உறைத்தது. விடிந்து இன்னும் அவள் கைக்கு வெந்நீர்கூடப் போடவில்லை. இவள் தன் விரல்களைப் பார்த்தாள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்தாள், பிரித்தாள், மறுபடி சேர்த்தாள்.

“நிஜமாவே வலிச்சுதா?”

கையைக் காட்டினேன். சிவந்து கன்றியிருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மற்றக் கையையும் நீட்டி, இதிலும் ஒன்று என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றாகக் கிள்ளினாள்.