ஆண்டுக்கொரு முறை மானியம்

காஜா பெராங்,
1960

கமலவேணிக்கு,

மூவாரில் உன் தங்கையும் குழந்தையும் நலமா? உன் பாலர் வகுப்புக்கு மாநில மானியம் கிடைத்துவிட்டது. சட்டமன்றத்தில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து நானே கேட்டேன்.

"சின்னப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து பாட அரசாங்கப் பணமா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். உடனே உன் ராஜரத்தினம் எழுந்தான். பள்ளிக்கூடத்தில் என் தாளைப் பார்த்து எழுதித் தேறியவன், இன்று சட்டமன்ற உறுப்பினர். உன் வகுப்பை நேரில் பார்த்ததாக அவன் உருகிப் பேசியதில் சபையே ஒப்புக்கொண்டது. நான் கைதட்டவில்லை. அங்கே கைதட்டக் கூடாது என்பது விதி.

வெளியே வந்ததும் என் தோளைத் தட்டினான்.

"என்னடா, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? பணம் நிரந்தரம் இல்ல. வருஷா வருஷம் சபை ஓட்டுப் போட்டாத்தான் கிடைக்கும். அதனால வருஷா வருஷம் நானும் வந்து பாத்துட்டுப் போறேன். டீச்சரம்மா காப்பி பிரமாதம்டா!"

அந்தக் காப்பியை நம் கல்யாண வெள்ளி டம்ளரில் கொடுத்தாய். எனக்கு என்றும் பித்தளை டம்ளர்தான்.

மானியம் நிற்கக் கூடாது, அவன் வரட்டும். அப்போது நீ பிள்ளைகளைக் கவனி. காப்பியை நான் போட்டுக் கொடுக்கிறேன், கண்ணாடிக் கிளாஸில்.

வெள்ளி டம்ளரை எடுத்துப் பெட்டியில் பூட்டிவிட்டேன். பூட்டுவதற்கு முன் அதில் நானே காப்பி போட்டுக் குடித்துப் பார்த்தேன். நன்றாகவே இல்லை. எப்போது வருகிறாய்?

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்