தினை ஏந்திய கையை நம்பிய சேவல்

மழை தவறாதிருக்க. கதிர் பதராகாதிருக்க. குவளைமலையையும் அதன் ஏழு சுனைகளையும் காக்கும் இளங்கடம்பன், கருங்கழி நாட்டின் மூன்று துறைகளுக்கும் அதிபராகிய மன்னர் பெருவிறலர் திருமுன் விடுக்கும் ஓலை. உம் கோட்டைக்கும் குடிகளுக்கும் கலங்களுக்கும் நலம் விளைக. இத்தனை பட்டங்களோடு உமக்கு யாம் எழுதுவது இதுவே முதன்முறை. பத்தொன்பது ஆண்டுகளாக உமக்கு வந்த எம் ஓலைகளில் தலைப்பில் உம் பெயர் மட்டுமே இருக்கும். அடியில் முத்திரைக்குப் பதிலாக எம் பெருவிரல் நகக்குறி இருக்கும்.

எம் கோழிகளின் கதையை நீர் அறிவீர். அறிந்தே செய்தீர் என்பதால் மீண்டும் சொல்கிறோம். தேவியார் நோயுற்று எழுந்த ஆண்டில், நாளுக்கொரு முட்டை தருக என மருத்துவர் கூற, மடைப்பள்ளியின் பின்புறம் ஐந்து பெட்டைகளும் ஒரு சேவலும் வந்து சேர்ந்தன. தேவியார் நோயிலிருந்து தேறினார், கோழிப்பித்திலிருந்து யாம் தேறவில்லை. ஒரு பெட்டையை அடை வைத்தோம், பதினொன்று பொரித்தன. புள்ளிப் பெட்டையின் பொறுமையும் சாம்பல் சேவலின் சாந்தமும் ஒரே குஞ்சில் கூடுமோ என்று பார்க்கப் போய், இடம் போதாமல் தேர்க்கொட்டிலில் பாதியைக் கூடுகளுக்கு ஒதுக்கினோம். அமைச்சர்கள் முகம் சுளித்தனர். தேர்கள் மழையில் நனைகின்றன என்று படைத்தலைவர் முறையிட, அவற்றுக்குக் கீற்று வேய்ந்து கொடுத்தோம்.

கொத்தும் சேவலை ஒதுக்கிச் சாதுவானதையே இனத்திற்கு விட்டு வந்தோம். அவ்வாறு ஐந்தாம் தலைமுறையில் பிறந்தவன் செம்பொன்னன். காலில் முள் முளைத்தும் எவரையும் தாக்கத் தெரியாதவன். தினையை உள்ளங்கையில் ஏந்தி மும்முறை நாக்கைத் தட்டினால், எங்கிருந்தாலும் ஓடி வந்து தின்பான்.

எம் நாட்டு வழக்கும் உமக்குத் தெரியும். அடைமுட்டையைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுப்போம். இனச்சேவலைக் கொடுப்பதோ, பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுப்பதற்கு ஒப்பாகும். அமைச்சர்கள் தடுத்தும், கேட்டவர் நீர் என்பதால், செம்பொன்னனை நான்கு பெட்டைகளோடு கொடுத்தோம். அவனைச் சேவற்போரில் இறக்குவதில்லை என்று எம் சுனைநீரைக் கையில் ஏந்திச் சொன்னீர். அவன் உம்மிடம் மிரளாதிருக்க அந்த நாக்கொலியையும் யாமே உமக்குக் கற்பித்தோம். இரண்டு நாள் அது உமக்கு வரவில்லை. சிரித்துச் சிரித்துக் கற்பித்தோம்.

பறவைகளின் நலம் காண உம் நாட்டிற்கு வந்த எம் கோழிக்கூடுகளைக் காக்கும் மருதி, திரும்பி வந்து கூறியது இது. உம் கடல்விழாவின் நண்பகலில், சேவற்களத்தில், செம்பொன்னன் காலில் கத்தி கட்டியிருந்ததாம். குவளைமலையின் படை வந்துவிட்டது என்று நீர் கூட்டத்திற்கு அறிவித்தீராம். அவன் போரிடாமல் ஓரமாக மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றானாம். அப்போது நீர் எதிர்ச்சேவலின் பின்னே போய்க் குனிந்து, தினையை ஏந்தி, மும்முறை நாக்கைத் தட்டினீராம். அவன் நேரே ஓடி வந்தானாம். களத்திலிருந்து பொறுக்கி வந்த அவன் வாலிறகுகளை மருதி எம் முன் வைத்தாள்.

களத்தில் இறக்கியது மட்டுமே என்றால், கள்ளின் மயக்கம் என்று எமக்கு யாமே சொல்லி ஆறியிருப்போம். எம்மை நகையாடியதையும் பொறுத்திருப்போம். கோழி மன்னன் என்று எம் அமைச்சர்களே மறைவில் சொல்வதுண்டு. ஆனால் எம் கை என்று நம்பியவனை எம் ஒலியாலேயே அழைத்துக் கொன்றீர். அந்த ஒலியைக் கற்பித்த எம் நாவையும் வெறுக்கிறோம்.

ஆதலால், எம் சுனைநீரை ஏந்தியவர்க்கு இது ஆணை. உம்மிடம் உள்ள நான்கு பெட்டைகளில் மூன்று அடையில் இருப்பதாக மருதி கண்டு வந்தாள். அடைக்கோழியை எழுப்புவது எம் வழக்கில் பாவம். ஆகவே குஞ்சுகள் பொரித்துத் தரையில் நடக்கும் வரை ஆள் விடோம். அதன்பின் மருதி வருவாள். நான்கு பெட்டைகளையும் குஞ்சுகளையும் ஒன்று குறையாமல் அவளிடம் ஒப்புவிக்க. அதுவரை நீர் அக்கூட்டை அணுகலாகாது; அவ்வொலியை எழுப்பலும் ஆகாது. முட்டைக்குள் இருக்கும் குஞ்சும் அழைப்பைக் கேட்கும் என்பாள் மருதி. அவன் பிள்ளைகள் அதை உம் வாயிலிருந்து அறிய வேண்டாம்.

குவளைமலைக் கோட்டையில், செம்பொன்னனின் வாலிறகுகளைத் தேர்க்கொட்டிலின் மண்ணில் அடக்கிய மறுநாள், எம் கைப்பட எழுதியது. அரச முத்திரை இட்டோம். நகக்குறி இல்லை.